கொரியாவில் பையன்கள் மட்டும் ஏன் பட்டாளத்துக்குப் போகவேண்டும்?

கேள்வி, 8 ஜூன் 2025

"தென் கொரியாவில் ஆணாகப் பிறந்தால் ஒன்றரை வருடம் பட்டாளம். பெண்ணாகப் பிறந்தால் ஒன்றும் கிடையாது. சட்டத்திலேயே எழுதிவைத்த பாரபட்சம். அந்த ஊர்ப் பெண்ணியவாதிகள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா? போன வாரத் தேர்தலில் இருபது வயதுப் பையன்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்று எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பே இல்லை."

8 ஜூன், இரவு

தேஜோன் நகரத்தில் ஆறு வருடம் ஓர் ஆய்வகத்தில் குப்பை கொட்டியிருக்கிறேன், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நீங்கள் சொல்வதில் பாதி சரி. அரசியல் சாசனத்தின் 39ஆம் பிரிவு நாட்டைக் காக்கும் கடமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்கிறது. ராணுவ சேவைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதை இரண்டாகப் பிரித்து, ஆணுக்குக் கட்டாயம், பெண் விரும்பினால் வரலாம் என்று வைத்துவிட்டது. இதை எதிர்த்து வழக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பலர். 2010, 2011, 2014 என்று வரிசையாகத் தோற்றார்கள். கடைசியாக 2023 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரே குரலில் 'இந்தச் சட்டம் செல்லும்' என்றது.

மீதிப் பாதி தப்பு. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

9 ஜூன்

தேர்தல் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஜூன் 3 ஜனாதிபதித் தேர்தல் அன்று மூன்று தொலைக்காட்சிகள் சேர்ந்து எடுத்த வாக்குச்சாவடிக் கணிப்பில், இருபதுகளில் இருக்கும் ஆண்களில் சிறு வலதுசாரிக் கட்சியின் லீ ஜுன்-சோக்குக்கு 37.2 சதவீதம், பெரிய வலதுசாரிக் கட்சியின் கிம் மூன்-சூவுக்கு 36.9. ஜெயித்த லீ ஜே-மியோங்குக்கு 24 மட்டும். அதே வயதுப் பெண்களிடம் அவருக்கு 58.1. ஒரே வீட்டில் ஒரே குழம்பில் கரண்டி விடும் அண்ணனும் தங்கையும் என்று வைத்துப் பாருங்கள். இது திடீரென்று வந்ததும் இல்லை. 2021 சியோல் மேயர் தேர்தலில் இருபது வயது ஆண்களில் 72.5 சதவீதம் வலதுசாரி வேட்பாளர் பக்கம் சாய்ந்தார்கள். அப்போதிருந்துதான் 'இதேநாம்' (இருபதுகளில் இருக்கும் ஆண்) என்ற சொல்லைத் தினசரிகள் மென்று துப்ப ஆரம்பித்தன. மறு வருடம் வலதுசாரி ஜனாதிபதி வேட்பாளர் யூன் சோக்-யோல் முகநூலில் ஏழே எழுத்து போட்டார்: பெண்கள், குடும்ப நல அமைச்சகம் ஒழிப்பு. கொரிய மொழியில் சரியாக ஏழு எழுத்து. விளக்கம் கிடையாது, திட்டம் கிடையாது. 0.73 சதவீத வித்தியாசத்தில் ஜனாதிபதியானார்.

10 ஜூன்

இப்போது என் கதை. நீங்கள் கேட்ட இதே கேள்வியை நானும் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

ஆய்வகத்தில் மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவோம். ஹ்வேஷிக் என்பார்கள். பன்றி இறைச்சி கல்லில் வேகும், சோஜு வரும், மூன்றாவது கிளாஸில் பட்டாளக் கதை வரும், தவறவே தவறாது. எங்கள் கூடத்துத் தம்பி ஒருவன் சோர்வொன்னில் பட்டாளத்தில் இருந்தவன். வட கொரிய எல்லையை ஒட்டிய இடம், குளிருக்குப் பேர் போனது. அவன் காலத்தில் சேவை 21 மாதம். அந்த மாதங்களில் துப்பாக்கி பிடித்ததைவிட மண்வாரி பிடித்ததுதான் அதிகம் என்பான். பனி விழுந்தால் நாம் படம் எடுப்போம், அவர்களுக்கு அது 'வானத்திலிருந்து விழும் குப்பை'. பாதையை அள்ளி முடிப்பதற்குள் பின்னாலேயே அடுத்த சுற்று விழுந்திருக்கும்.

எனக்கு அவன்மேல் நிஜமாகவே பரிதாபம். அந்த வேகத்தில் உடைந்த கொரிய மொழியில் கேட்டேன், ஏன் பெண்கள் போவதில்லை என்று. பையன்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள், அண்ணன் கேட்டுட்டாருடா என்கிற மாதிரி. எதிரே ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கத்தரிக்கோலால் இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அங்கே இறைச்சியை வெட்டிப் போடும் வேலை பெரும்பாலும் யார் கைக்குப் போகும் என்பதை நான் அன்று வரை கவனித்ததே இல்லை.

திரும்பும்போது காப்சோன் ஆற்றங்கரையில் அவளும் நானும் நடந்தோம். அவளாகவே பேசினாள். வேலைக்கு நேர்காணலுக்குப் போனால் அவனிடம் எந்தப் படைப்பிரிவு என்று கேட்பார்கள், என்னிடம் எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். அவனுடைய பட்டாள மாதங்களைப் பல நிறுவனங்கள் அனுபவமாகச் சேர்த்துச் சம்பளப் படி ஏற்றும், எனக்குப் பிள்ளை பிறந்தால் அந்த மாதங்கள் கழிவுதான். அப்புறம் குரல் மாறியது. அவள் தம்பி பயிற்சி முகாமுக்குப் போன இரண்டாவது வாரம் வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்ததாம். போட்டுக்கொண்டு போன சட்டை, பேண்ட், ஷூ எல்லாவற்றையும் அரசாங்கம் மடித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. அம்மா அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுததைச் சொல்லிவிட்டு, "அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான் இல்லையே" என்றாள்.

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

10 ஜூன், பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கேள்வியைப் பரிதாபத்தில் கேட்டேன் என்றேனே, அது முழு உண்மை இல்லை. வெளிநாட்டுக்காரனாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பையன்கள் கூட்டத்தில் ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி அதற்கு நல்ல நுழைவுச்சீட்டு.

11 ஜூன்

'பெண்ணியவாதிகள் பேசியதுண்டா' என்பதற்கு வருகிறேன். உண்டு. 1986இல் புச்சோன் காவல் நிலையத்தில் பாலியல் சித்திரவதைக்கு ஆளாகி, அதை வெளியே சொல்லி வழக்குப் போட்ட குவோன் இன்-சுக் என்ற பெண், பின்னாளில் பேராசிரியராகி, கொரிய சமூகத்தில் ராணுவம் எப்படி ஊறியிருக்கிறது என்பதைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

ஆனால் அந்த ஊரில் பட்டாளம், பெண் என்று ஒரே வரியில் சொன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1999 டிசம்பர் 23. அதுவரை அரசு வேலைத் தேர்வில், பட்டாள சேவை முடித்தவர்களுக்குச் சலுகை மதிப்பெண் உண்டு. இரண்டு வருடமோ அதற்கு மேலோ இருந்தால் 5 சதவீதம், குறைவென்றால் 3. கேட்க அற்பமாக இருக்கும். தசமப் புள்ளியில் தலையெழுத்து மாறும் தேர்வு எழுதியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நம் ஊரில் குரூப் 2 எழுதியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிட்டத்தட்ட முழு மதிப்பெண் எடுத்த பெண்ணும் வெளியே நிற்பாள். இஹ்வா பெண்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. மறுநாளிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம் வசவில் முங்கியது.

தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சேவை முடித்தவனுக்கு உதவ வேண்டியதுதான், ஆனால் கஜானாவிலிருந்து ஒரு காசு ஒதுக்காமல் உதவப் பார்த்ததால் அந்தப் பாரம் பெண்கள் தலையிலும் மாற்றுத்திறனாளிகள் தலையிலும் விழுந்தது என்கிறார்கள். நம் பாட்டி சொல்வாள், கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது. கடைக்காரனுக்கும் பிள்ளையாருக்கும் சண்டை மூட்டிவிட்டு உடைத்தவன் வீட்டுக்குப் போய்விட்டான். கொரியாவில் இன்று வரை நடப்பது அந்தச் சண்டைதான் என்பது என் கட்சி.

12 ஜூன்

திருத்தம். வழக்குப் போட்டவர்கள் ஐந்து பெண்கள் மட்டும் இல்லை. ஆறாவதாக யொன்செய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி ஆண் ஒருவரும் இருந்தார். பட்டாளம் அவரை எடுக்காது, எடுக்காததற்காகத் தேர்வில் மதிப்பெண்ணும் போய்விடும். இருபத்தைந்து வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவரை மட்டும் மறந்துவிடுகிறார்கள். நானும்தான் மறந்தேன்.

இன்னொன்று. ஒன்றரை வருடம் என்பது தரைப்படைக்கும் மரைனுக்கும். கடற்படை 20 மாதம், விமானப்படை 21. அது முடிந்ததும் எட்டு வருடம் ரிசர்வ், அதாவது கூப்பிட்டால் போய் நிற்க வேண்டிய பட்டியல்.

12 ஜூன், சற்றுக் கழித்து

ஒரு தம்பி கேட்கிறார்: "விரும்பினால் பெண்கள் வரலாமே, வரவேண்டியதுதானே?"

வரலாம், ஆனால் அதிகாரியாகவோ சார்ஜென்ட் வரிசையிலோதான். மண்வாரி பிடிக்கும் சாதாரண சிப்பாயாகப் பெண்ணைச் சேர்க்க அங்கே வழியே இல்லை. அதிகாரிகளை உருவாக்கும் ராணுவ அகாடமிகளே 1997இல் விமானப்படை, 98இல் தரைப்படை, 99இல் கடற்படை என்று மெல்ல மெல்லத்தான் கதவைத் திறந்தன. உள்ளே போன பிறகு என்ன ஆகிறது என்பது வேறு. 2021இல் விமானப்படைப் பெண் சார்ஜென்ட் ஒருவர் பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுத்தார். புகாரை அமுக்கத்தான் பார்த்தார்கள். மே மாதம் உயிரை விட்டார்.

15 ஜூன்

சம்பளத்தைப் பற்றி எழுதாமல் இதைப் பேசுவதில் அர்த்தமே இல்லை. 2017இல் கட்டாய சேவையின் கடைசிப் படியில் இருக்கும் சிப்பாய்க்கு மாதம் 2,16,000 வொன். அதே வருடம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6,470 வொன். வகுத்துப் பாருங்கள். தெருமுனைக் கடையில் 33 மணி நேரம் நின்றால் வரும் காசுக்கு மாதம் முழுக்கப் பட்டாளம். இது வறுமையில் இருந்த காலத்துக் கதை இல்லை. செல்பேசியும் கப்பலும் உலகத்துக்கு விற்றுக்கொண்டிருந்த நாட்டின் கதை. 2025இல் அதே படிக்கு 15 லட்சம் வொன், சேமிப்பில் அரசு தன் பங்காக 5.5 லட்சம் வரை போடுகிறது. கேட்டுக் கேட்டு, தேர்தலுக்குத் தேர்தல் பேரம் பேசித்தான் ஏறியது. அது ஏறியதால் எந்தப் பெண்ணுக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

கோபம் ஆறியதா என்றால் ஆறவில்லை. அது என் கட்சிக்குக் கொஞ்சம் இடிக்கிறது. யோசிக்கிறேன்.

17 ஜூன்

நேற்றெல்லாம் யோசித்ததில் ஒன்று தோன்றியது. அங்கே ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி போவதில்லை. உடல் பரிசோதனையில் 1 முதல் 7 வரை தரம் போடுவார்கள். முதல் மூன்று தரம் சிப்பாய், நான்காவது என்றால் அரசு அலுவலகத்திலோ முதியோர் இல்லத்திலோ 21 மாத வேலை, ஐந்தும் ஆறும் என்றால் தப்பித்தல், ஏழு என்றால் மறுபடியும் பரிசோதனை. தப்பித்தவனுக்கு 'கடவுளின் மகன்' என்று பேர். வரிசையில் நிற்பவன் 'இருட்டின் பிள்ளை'. பணக்கார வீட்டுப் பையன்களுக்கு எப்படித்தான் முதுகுவலி வருகிறதோ என்ற நக்கலை எந்த டாக்ஸியிலும் கேட்கலாம்.

எங்கள் ஆய்வகத்திலேயே இன்னொரு தம்பி இருந்தான், ஆய்வு மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில். மூன்று வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்தால் அதுவே ராணுவ சேவை. மூன்று வாரம் மட்டும் முகாமுக்குப் போய் மொட்டையும் கறுத்த முகமுமாக வந்தான். சோர்வொன்காரன் அவனைப் பார்த்து, "எந்த எதிரியை அடித்தாய், ஆய்வகத்து லித்தியத்தையா?" என்றான். எல்லோரும் சிரித்தோம், அவன் சிரிக்கவில்லை.

ஆக, ஆணுக்கும் ஆணுக்கும் நடுவில் இத்தனை படிக்கட்டு இருக்கிறது. மேல் படிக்கட்டில் இருப்பவனை இழுத்துக் கேட்க முடியாது, அவன் நாளை முதலாளியாக வருவான். பக்கத்து மேஜைப் பெண்ணைக் கேட்பது சுலபம்.

17 ஜூன்

பி.டி.எஸ். பாட்டுக் குழுவைப் பற்றிக் கேட்கிறார்கள். தெரியும், கேட்பீர்கள் என்று. ஆமாம், ஏழு பேருக்கும் விலக்கு கிடைக்கவில்லை. ஜின் 2022 டிசம்பரில் முதலில் போனார். ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கம் வாங்கினாலும், ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினாலும் விலக்கு உண்டு, 1973 முதல் இருக்கும் ஏற்பாடு. சன் ஹியுங்-மின் 2018 ஆசிய விளையாட்டுத் தங்கத்தால் ஜேஜு தீவில் மூன்று வாரப் பயிற்சியோடு தப்பித்தார். வயலின் போட்டியில் ஜெயித்தாலும் விலக்கு. உலகமே பாடும் பாட்டுக்கு இல்லை. என் மகளின் கருத்தை இங்கே எழுத முடியாது.

22 ஜூன்

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அங்கேயும் 1967 முதல் ஆண்களுக்கு மட்டும்தானே, தமிழ்ப் பையன்களும் இரண்டு வருடம் போகிறார்களே, ஏன் அங்கே இவ்வளவு சண்டை இல்லை என்று. என் அத்தை பேரன் போய் வந்தவன். புலம்பல் அங்கேயும் உண்டு, ஆனால் வருமான வரியில் கழிவு என்று அரசு தன் பையிலிருந்து ஏதோ கொடுக்கிறது, மனைவிக்கும் பெற்றோருக்கும்கூட. என் தேங்காய்க் கதைக்கு இது சாதகமாக இருப்பதால் சந்தோஷமாகப் பதிவு செய்கிறேன். கொரியா அளவுக்கு வேலைக்கு அடிதடியும் அங்கே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2 ஜூலை

இங்கே சிலர் 2024 மே மாத மரணத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 12ஆம் டிவிஷனில் முழு மூட்டையைச் சுமக்க வைத்துத் தண்டனைப் பயிற்சி கொடுத்ததில் ஒரு பயிற்சிச் சிப்பாய் செத்துப்போனான். உத்தரவிட்ட கம்பெனி கமாண்டர் பெண். "பார்த்தாயா, பெண்களை அதிகாரியாக்கினால் இதுதான்" என்று கொரிய இணையம் கொந்தளித்தது. அவர் சிறைக்குப் போனார், போகவேண்டியதுதான்.

2014 ஏப்ரலை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? 28ஆம் டிவிஷனில் ஒரு சிப்பாயை ஒரு மாதத்துக்கும் மேலாக அடித்தே கொன்றார்கள், உடன் இருந்த சிப்பாய்களே. அடித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அப்போது பேச்சு 'முகாம் கலாச்சாரம்' பற்றி இருந்தது. ஆண் என்ற சொல் எந்தத் தலைப்பிலும் வந்த நினைவு எனக்கு இல்லை.

3 ஜூலை

பியோன் ஹீ-சூவைப் பற்றி எழுதாமல் தேஜோனைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. டாங்கி ஓட்டும் சார்ஜென்ட். பாலின மாற்று அறுவை செய்துகொண்டு, பெண்ணாகவே படையில் தொடர்கிறேன் என்றார். 2020 ஜனவரியில் ராணுவம் அவரை 'உடல் ஊனம்' என்ற கணக்கில் வெளியேற்றியது. பத்திரிகையாளர்கள் முன்னால் சீருடையில் நின்று, கண்ணீரோடு சல்யூட் அடித்தார். 2021 மார்ச்சில் வீட்டில் இறந்து கிடந்தார். அந்த அக்டோபரில் தேஜோன் நீதிமன்றம் வெளியேற்றியது செல்லாது என்றது. 2024 ஜூனில் தேஜோன் தேசிய இடுகாட்டில் புதைத்தார்கள்.

ஆண்கள் தப்பிக்கப் பார்க்கிறார்கள், பெண்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பும் ராணுவத்திடம் 'நான் இருக்கிறேன்' என்று ஒருத்தி வந்து நின்றாள்.

19 ஆகஸ்ட்

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார்: "சரி, பெண்களையும் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? நார்வே செய்யவில்லையா?"

நார்வே 2015 முதல் செய்கிறது. ஆனால் அங்கே வருடா வருடம் தகுதியானவர்களில் சிறு பங்கை மட்டும், அதுவும் பெரும்பாலும் வர விருப்பம் உள்ளவர்களை எடுக்கிறார்கள். கொரியாவில் கையும் காலும் இருக்கும் பையன் அத்தனை பேரையும் எடுக்க வேண்டியிருக்கிறது. பேர் ஒன்று, பண்டம் வேறு. 2021இல் பெண்களையும் சேர்க்கச் சொல்லி அரசுக்கு அனுப்பிய மனுவில் இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்து. 2024இல் லீ ஜுன்-சோக்கின் கட்சி, போலீஸ், தீயணைப்பு வேலைக்கு வரும் பெண்கள் முதலில் பட்டாளம் போகட்டும் என்றது. எனக்கு அது பழைய சலுகை மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்ட சட்டையாகத்தான் தெரிகிறது.

ஆனாலும் இந்தப் பேச்சு ஒரு நாள் நிஜமாகவே வரும். 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளை 0.72. இருபது வருடம் கழித்து வரிசையில் நிற்கப் பையன்கள் எங்கே? அன்றைக்கு சமத்துவம் என்ற பேரில் பெண்களைக் கூப்பிடுவார்கள். சமத்துவம் வந்ததால் இல்லை, தலை குறைந்ததால்.

இதை எழுதும்போதே ஒரு சங்கடம். சோர்வொன் தம்பியின் 21 மாதத்தை நான் தேங்காய், பிள்ளையார் என்று பேசியே சின்னதாக்கிவிட்டேனோ? அவன் காதலி அவன் உள்ளே இருந்த ஏழாவது மாதம் போய்விட்டாள். காத்திருக்கும் பெண்ணை அங்கே ரப்பர் செருப்பு என்பார்கள், விட்டுப் போனால் செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள் என்பார்கள். அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான், ஆனால் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை. சம்பளம் ஏறியும் கோபம் ஏன் ஆறவில்லை என்று ஜூனில் கேட்டேனே, பதில் இங்கேதான் எங்கோ இருக்கிறது. இருபது வயதில் போனது காசு மட்டும் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கஜானாவிலும் வழி இல்லை. கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் அன்றைக்கு எழுதிய அளவு உறுதியாக இன்று எழுதமாட்டேன்.

5 அக்டோபர்

யூன் ஒழிப்பேன் என்ற அமைச்சகம் ஒழியவில்லை, அவர்தான் பதவியை விட்டுப் போய்விட்டார். பிப்ரவரி 2024இலிருந்து அமைச்சர் நாற்காலியைக் காலியாக வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் சாகவில்லை. இந்த மாதம் 1ஆம் தேதி முதல் கொரிய மொழியில் புதுப் பேர்: 'பெண்கள்' என்ற சொல் போய் 'பாலின சமத்துவம்' வந்திருக்கிறது. ஆண்களுக்கு நேரும் பாரபட்சத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம் புது ஜனாதிபதி. பேர் மாற்றியதற்கே இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள்.

28 அக்டோபர்

சோர்வொன் தம்பிக்கு இந்த இழையைச் சுருக்கிச் சொல்லி, சரியாக எழுதியிருக்கிறேனா என்று கேட்டேன். பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. "அண்ணே, பாதுகாப்பு அமைச்சகத்துக் கடிகாரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் ஓடும்." பட்டாளத்தில் நாளை எண்ணுகிறவர்கள் சொல்லும் பழைய வாசகம், எனக்கு என்ன பொருளில் சொன்னான் என்று புரியவில்லை. கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. கட்டுரைத் திருத்தத்தை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைக்கலாமா, புதன்கிழமை ரிசர்வ் பயிற்சி, ஆறாவது வருடம், பழைய சீருடைப் பேண்ட் இடுப்பில் ஏறவில்லை, தங்கையிடம் ஊக்கு வாங்கிக் குத்திக்கொண்டு போகப்போகிறேன் என்று மட்டும் எழுதியிருக்கிறான்.